மாரிகுப்பத்துக் கரப்பானும் ஒரு சீட்டும்

ஒரு கரப்பான் பூச்சிக்காக நூற்றுத் தொண்ணூறு மைல் ரயிலில் போனேன் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. “நம் அடுக்களையில் இருப்பது போதாதா?” என்று என் மனைவியே கேட்டாள். போதாது. போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் புறப்பட்டு, சனிக்கிழமை இரவு திரும்பினேன். கோலார் தங்க வயலுக்குப் போக நினைக்கிறவர்கள் என் செலவையும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு போகலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கரப்பான் வேண்டாதவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம், ஆனால் தாண்டினால் மிச்சம் அதிகம் இருக்காது.

சென்னையில் ஒரு காட்சிசாலையில் பூச்சிகளைப் படம் எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். செத்த பூச்சியை எதிரே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, காலில் எத்தனை முள் என்று எண்ணி எழுத வேண்டும். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, இந்த ராஜதானியில் என்னைவிட நன்றாகக் கரப்பான் எழுதுகிறவன் கிடையாது. போட்டிக்கு ஆள் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவியின் தம்பி சின்னசாமி தங்க வயலில் ஒரு சுரங்கத்தில் டைம் கீப்பர். கூலியாட்கள் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று எழுதுவது அவன் உத்தியோகம். போன ஐப்பசியில் அவன் ஒரு மூக்குப்பொடி டப்பாவைத் தபாலில் அனுப்பினான். உள்ளே ஒரு செத்த கரப்பான், கூடவே ஒரு துண்டுக் கடிதம்: “எங்கள் ஊரில் கரப்பான்கூட நகை போட்டுக்கொண்டுதான் இருக்கும்.” காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரித்துக்கொண்டே கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பூச்சி. தலையை மூடும் கேடயம் போன்ற ஓட்டில், குறுக்கே ஒரு பட்டை. மஞ்சள் இல்லை, பழுப்பு இல்லை, சுத்தமான பொன் நிறம். காட்சிசாலையில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் கரப்பானில் அப்படி ஒன்று கிடையாது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். காட்சிசாலையை நடத்தும் எங்கள் துரை அந்தப் படத்தைச் சீமையில் கரப்பானையே ஆயுசு முழுக்க ஆராயும் ஒரு பெரியவருக்கு அனுப்பினார். தை மாதம் பதில் வந்தது. உருவம் புதிதுதான், புதிய இனமாக விவரித்து அச்சிடத் தகுந்ததுதான், ஆனால் அந்தப் பொன் பட்டை இயற்கையில் இருக்க முடியாது, படம் எழுதியவர் அழகுக்காகத் தீட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன், பூச்சியை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அனுப்பப் பூச்சி எங்கே? டப்பாவில் கர்ப்பூரம் வைக்க மறந்தேன். எறும்பு தின்றது போக இரண்டு இறக்கையும் ஒரு காலும் மிச்சம்.

துரை நல்லவர்தான், ஆனால் சுருக்கமாகப் பேசுவார். “அடுத்த புதன்கிழமைச் சீமைத் தபாலுக்குள் இன்னொரு பூச்சி வேண்டும். இல்லையானால் படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிவிடுவேன்” என்றார். ஒரு படத்தைத் திருப்பி வாங்கினால் நான் முன்பு எழுதிய இருநூறு படத்தையும் சந்தேகப்படுவார்கள். இல்லாததைத் தீட்டுகிறவன் என்று பெயர் வந்த பிறகு பூச்சிப் படக்காரனுக்குப் பிழைப்பு ஏது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

சென்னையிலிருந்து பாசஞ்சர் வண்டி காலை ஏழு மணிக்கு. பவுரிங்பேட்டைவரை நூற்றெண்பது மைல், மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய் ஐந்து அணா. அரக்கோணத்தில் இட்லி நன்றாக இருக்கும், காட்பாடியில் வாங்காதீர்கள். ஜோலார்பேட்டையில் பிளேக் டாக்டர் எல்லோரையும் இறக்கிக் கைகளைத் தூக்கச் சொல்லி, நெறி கட்டியிருக்கிறதா என்று அக்குளைத் தொட்டுப் பார்க்கிறார். என் பெட்டியில் இருந்த சாராயக் குப்பி, கர்ப்பூரம், ஊசி, சின்னக் கத்தி எல்லாவற்றையும் பார்த்து, “நீ என்ன வைத்தியம் பார்க்கிறாய்?” என்று கேட்டார். பூச்சிக்கு என்றேன். அரை மணி நேரம் தாமதமானது அதனால்தான், என்னுடன் வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பவுரிங்பேட்டையில் இறங்கிக் கிளை வண்டிக்கு மாற வேண்டும். கடைசி ஸ்டேஷன் மாரிகுப்பம், பத்து மைல், இரண்டணா. இந்தப் பாதை வந்து சில வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன் மாட்டு வண்டிதான். வழியெல்லாம் பாறையும் முட்செடியும். இப்போது புதிதாக உயரமான கம்பங்கள் நட்டுக்கொண்டு போகிறார்கள். காவேரியிலிருந்து மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவரப் போகிறார்களாம். தண்ணீரிலிருந்து நெருப்பு எடுப்பதை நம்புகிற சீமைக்காரர்கள் கரப்பான் முதுகில் ஒரு பட்டையை நம்பவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மாரிகுப்பத்தில் இறங்கும்போது மாலை ஆறரை மணி. முதலில் தெரிவது ஊர் இல்லை, சத்தம். பாறையை இடித்துப் பொடியாக்கும் ஸ்டாம்ப் மில் இரவு பகல் ஓயாது. முதல் நாள் தூக்கம் வராது, மூன்றாம் நாள் அது இல்லாமல் தூக்கம் வராது. சின்னசாமி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவன் வீடு இருக்கும் ஆண்டர்சன்பேட்டைக்கு ஜட்கா வண்டி இரண்டணா. கடைவீதி பட்டணத்துக்குச் சளைத்ததில்லை. கோயில், மாதா கோயில், துணிக்கடை, வேலூர் முறுக்கு எல்லாம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறார்கள். வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் வரிசை வரிசையாக மூங்கில் தட்டி வீடுகளில் இருக்கிறார்கள். சின்னசாமி உத்தியோகஸ்தன் என்பதால் தகரக் கூரை. மாசி மாதத்திலும் விடியற்காலை குளிர் உண்டு, போர்வை அவசியம்.

“மாமா, கரப்பானுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? நான் வெளையாட்டுக்கு இல்ல அனுப்பினேன்” என்றான் சின்னசாமி.

“உன் விளையாட்டுத்தான் என் கழுத்தில் கத்தி” என்றேன். அந்தப் பூச்சியை யார் கொடுத்தது என்று கேட்டேன். இருசப்ப மேஸ்திரி என்றான். சுரங்கத்துக்குள் பாறை விழாமல் மர முட்டுக் கொடுக்கிறவர்களுக்கு மேஸ்திரி அவர்.

மறுநாள் வியாழக்கிழமை, பகல் ஷிப்ட் முடிந்து வந்தவரை அவர் வீட்டு வாசலில் பார்த்தோம். நாற்பது வயது இருக்கும். குட்டை, தோள் மட்டும் கதவு அகலம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சாமி, கரப்பானப் புடிக்கவா பட்டணத்துலேந்து ரயிலேறி வந்தீங்க? சொல்லியிருந்தா எங்க ஊட்டாண்டயே மூட்டையாக் கட்டிக் குடுத்திருப்பேனே” என்றார்.

பெட்டியைத் திறந்து படத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். கையைத் துண்டில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடே. காவக்காரன்” என்றார். “அப்படியே கீது. மீச மட்டும் இன்னும் கொஞ்சம் நீளம்.”

இரண்டு மாதத்தில் என் படத்தை நம்பிய முதல் ஆள் அவர்தான். மீசை விஷயத்திலும் அவர் சொன்னதுதான் சரி, டப்பாவில் வந்த பூச்சிக்கு மீசை நுனி ஒடிந்திருந்தது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஏன் காவல்காரன் என்று பெயர் என்றேன். “அது ஊட்டுல இருக்காது சாமி, கீழ முட்டு மரத்துல வெடிப்புக்குள்ளதான் இருக்கும். மேல கல்லு எறங்கி மரத்து மேல கனம் ஏறிச்சின்னா, மரம் முனகும். நம்ம காதுக்குக் கேக்கறதுக்கு முன்னாடி அதுக்குக் கேக்கும். வெளிய வந்துடும். அது வெளிய வந்தா நாங்களும் வெளிய. அதனால யாரும் அத்த மிதிக்கறதில்ல” என்றார். சின்னசாமிக்குக் கொடுத்தது மரம் மாற்றும்போது நசுங்கிச் செத்து, பழைய மரத்தோடு மேலே வந்தது என்றும் சொன்னார்.

உயிரோடு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “ஒண்ணுதான?” என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்றேன். “சின்னசாமி கேட்டதுக்காவ இல்ல. இவ்ளோ சரியா எழுதியிருக்கீங்க, அதுக்காவ” என்றார். நான் காலணா கூடக் கொடுக்கவில்லை, அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பார்வையாளர் கூட்டத்தோடு நானும் சுரங்கத்தில் இறங்கினேன். இதற்குக் கேப்டன் துரையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சுரங்கத்தின் மேலதிகாரியைக் கப்பல்காரர்கள் மாதிரி கேப்டன் என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாளே கேட்டு வைத்தால் கிடைக்கும், கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியே இறக்கினார்கள். எண்ணூறு அடி லெவலுக்கு நான் எண்ணியபடி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி, களிமண் உருண்டையில் குத்திக் கொடுக்கிறார்கள். பழைய வேட்டி கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே வெப்பமும் சொட்டும் தண்ணீரும் துணியை உருப்படாமல் செய்துவிடும்.

இருசப்பன் ஒரு முட்டு மரத்தருகே மெழுகுவத்தியைப் பிடித்துக் காட்டினார். வெடிப்புக்குள் இரண்டு மீசை ஆடியது. பிறகு கேடயம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பட்டை பளிச்சென்று ஒருமுறை மின்னி உள்ளே போனது. நான் தீட்டினது ஒன்றும் கூடவில்லை, சொல்லப்போனால் குறைவாகத்தான் தீட்டியிருந்தேன். சீமைப் பெரியவரை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் இத்தனை பேர் நடமாட்டத்தில் அது வெளியே வராது. “நீங்க போங்க சாமி. சாப்பாட்டு நேரத்துல சத்தம் அடங்கும், ராகிக் களி கொஞ்சம் வெச்சா வரும். ரெண்டு மணிக்கு மேல வரும்போது எட்தாரேன்” என்றார் இருசப்பன். பார்வையாளர்களை ஒன்பதரைக்கே மேலே ஏற்றிவிட்டார்கள். எங்களுக்குத் தனி வாசல். யாரும் எங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஷாப்ட் பக்கத்திலிருந்த சோதனைக் கொட்டகைக்கு வெளியே வேலியோரம் நின்றேன். ஷிப்ட் முடிந்தவர்கள் இருநூறு பேர் வரிசையாக அதன் வழியேதான் வெளியே வர வேண்டும். தலைப்பாகையை உதற வேண்டும், குடுமியை அவிழ்க்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும், வேட்டியை அவிழ்த்துக் குலுக்க வேண்டும், தூக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு குன்றுமணி பொன்கூட வெளியே போகக் கூடாதே. பழக்கமாகிப்போன வேலை மாதிரி, பேசிக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் செய்துகொண்டு வந்தார்கள்.

இருசப்பன் முறை வந்தது. இடுப்பில் துணி அடைத்த ஒரு மூங்கில் குழாய் இருந்தது. காவல் ஜமேதார் துணியை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தார். பிறகு குழாயை வெயிலுக்குக் காட்டி மறுபடி பார்த்தார்.

“பூச்சி முதுகுல பொன்னு ஒட்டி எடுத்துப் போறியா?” என்றார். “இருபது வருஷ சர்வீஸ்ல இந்த வித்தை நான் பாக்கலப்பா.”

“ஒட்டல சாமி. பொறப்புலயே அதுக்கு அப்பிடித்தான்” என்றார் இருசப்பன்.

சீமைப் பெரியவருக்கு நான் எழுத நினைத்து, எங்கள் துரை எழுதவிடாத வாக்கியம் அதுதான். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழி அந்தக் கொட்டகையில் செல்லாது. அங்கே மின்னுவதெல்லாம் பொன்தான், இல்லை என்று யாராவது காட்டும்வரை. நான் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

“இது என்னுடையது. புதிய இனத்துக் கரப்பான்” என்றேன்.

“புது இனம்னு யாரு சொன்னாங்க?”

“நான்தான்.”

“சீமையில ஒத்துக்கிட்டாங்களா?”

“இன்னும் இல்லை.”

ஜமேதார் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு என் படத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் நகலை எடுத்து நீட்டினேன், இதோ பாருங்கள், அதே பட்டை என்று. அவர் நிதானமாகப் பார்த்தார். “இது எப்ப எழுதினீங்க?” என்று கேட்டார். ஐப்பசியில் என்றேன். “அப்போ ஐப்பசியிலேந்தே இந்த வேலை நடக்குது” என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான்.

ஜமேதார் முரடர் இல்லை. அவர் வேலை அப்படி. கேப்டன் துரை பெங்களூருக்குப் போயிருக்கிறார், நாளைச் சாயங்காலம் வந்து முடிவு சொல்வார், அதுவரை பூச்சி கொட்டகைப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், மேஸ்திரி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார். அவசரமென்றால் மாற்றுப் பார்க்கிற அறைக்குக் கொண்டுபோகலாம், பொன்னா இல்லையா என்று அங்கே தீயில் வைத்துச் சொல்லிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது பூச்சி பிழைத்தது என்பதுதான். நாளைச் சாயங்காலம் கேப்டன் துரை பார்த்தால் சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினாலும் புதன்கிழமைத் தபாலுக்கு முழுப் பூச்சி, மீசையோடு, போய்ச் சேரும். தீயில் வைத்தால் என் பட்டை சாம்பல். ஒரு வெற்றிலை போடும் நேரம் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இருசப்பன் அவிழ்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரிடம், “ஊட்டுல சொல்லிடு. சோத்துக்குக் காத்துகினு இருப்பாங்க” என்றார். அந்த ஆள் சரி என்று சொல்லாமல் தரையைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள். அதுவரை பேசிக்கொண்டு வந்த வரிசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. திருடன் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து வந்தவரை அந்தத் தட்டி வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. இல்லாததைத் தீட்டினவன் என்று ஒரு கடிதம் வந்ததற்கே நான் இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

“தீயில் வையுங்கள்” என்றேன்.

மாற்றுப் பார்க்கிற அறையில் ஓர் இளவயதுத் துரை இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் வேலையைச் சரியாகச் செய்தார். பட்டை முழுவதும் வேண்டும் என்றார். பாதி போதுமா என்று கெஞ்சினேன், ஒத்துக்கொண்டார். கரப்பானைச் சாராயத்தில் விட்டு அடக்கி, பல நூறு பூச்சியை அறுத்த என் கத்தியால், அந்தக் கேடயத்தை நானே நடுவில் வெட்டினேன். ஒரு பாதியை அவர் சின்ன மண்கிண்ணத்தில் போட்டு உலையில் வைத்தார். பொன்னாக இருந்தால் உருகி மணியாக நிற்கும். முடி கருகும் நாற்றம் வந்தது. கிண்ணத்தில் கறுப்புத் தூள் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மற்ற பாதியை நீட்டி, இதன் மேல் ஏதாவது பூசியிருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதைத் தண்ணீரில் கழுவினார், சாராயத்தில் கழுவினார், துணியால் அழுத்தித் தேய்த்தார். பட்டை அசையவில்லை. சுரங்கத்தின் முத்திரை போட்ட காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: பொன் இல்லை, பூச்சும் இல்லை, பூச்சியின் சொந்த நிறம். பொன்னைச் சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் கொடுத்த சீட்டு. இதைவிடப் பெரிய சாட்சி சீமையிலும் கிடைக்காது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொட்டகைக்கு ஓடிவந்து இருசப்பனுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஜமேதாரும் வாங்கிப் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, “சரி, போப்பா” என்றுவிட்டார். மணி நாலு. இருசப்பன் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

“பூச்சிக்குச் சீட்டு குடுத்துட்டாங்க, நல்லது. நான் எறங்க ஆரம்பிச்சு பதினோரு வருசம் சாமி. தெனம் துணிய அவுத்துக் காட்றேன். இவங்கிட்ட பொன்னு இல்லன்னு ஒரு நாளு கூட யாரும் எழுதிக் குடுத்ததில்ல” என்றார்.

ஜமேதாரிடம் திரும்பி, இவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்களேன் என்றேன். நிஜமாகத்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மனுஷனுக்குக் குடுக்கற வழக்கம் இல்லிங்க. இன்னிக்கு இல்லன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு மறுபடியும் எறங்குவாரே” என்றார்.

இன்னொரு பூச்சி கேட்டிருக்கலாமே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். இருசப்பனே கேட்டார், நாளைக்கு இன்னொண்ணு எட்தாரட்டுமா என்று. வேண்டாம் என்றேன். அந்தக் குழாயோடு அவரை மறுபடி அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணி வண்டியில் அரைக் கேடயத்துக் கரப்பானோடும் ஒரு சீட்டோடும் புறப்பட்டேன். இந்தத் தடவை கர்ப்பூரம் மறக்கவில்லை.

புதன்கிழமைத் தபாலில் எல்லாம் போனது. எங்கள் துரை சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு என் கையைக் குலுக்கினார். ஆடி மாதம் சீமையிலிருந்து அச்சடித்த விவரம் வந்தது. புதிய இனம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். என் படம் முழுப் பக்கத்துக்கு, பட்டையோடு, இந்தத் தடவை நீண்ட மீசையோடு. படம் எழுதியவரின் கண்ணைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன் என்று பெரியவர் தனியாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். லத்தீனில் வைத்த பெயருக்குக் காவல்காரன் என்றுதான் பொருள். முட்டு மரம் முனகும் விஷயத்தையும் நான் எழுதி அனுப்பியபடியே போட்டிருக்கிறார்கள். சேகரித்தவர் என்ற இடத்தில் துரை என் பெயரை எழுதச் சொன்னார். நான் எழுதியது இருசப்பன், மாரிகுப்பம். அதுவும் அப்படியே அச்சாகியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போக வர ரயிலுக்கும் ஜட்காவுக்கும் ஐந்து ரூபாய் இரண்டணா ஆகும். சாப்பாடு ஆண்டர்சன்பேட்டையில் மலிவு. நாலு நாள் போதும். ஜோலார்பேட்டை டாக்டரிடம் வாதம் செய்யாதீர்கள். சுரங்கத்திலிருந்து எதையும், ஒரு கூழாங்கல்லைக்கூட, நீங்களும் எடுக்காதீர்கள், பிறரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். கீழே முட்டு மரத்தில் கறுப்புப் பூச்சி தெரிந்தால் மிதிக்காதீர்கள். அது வெளியே ஓடினால் நீங்களும் ஓடுங்கள். பார்வையாளர் வாசல் வழியே வரும்போது, பக்கத்து வாசலில் யார் எப்படி வருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நான் நின்று பார்க்காமல் வந்தவன்.

அச்சடித்த பக்கத்தில் ஒரு பிரதியை இருசப்பனுக்கு அனுப்பினேன், அவர் பெயர் இருக்கும் வரியில் பென்சிலால் கோடு போட்டு. போன வாரம் சின்னசாமியிடமிருந்து கடிதம் வந்தது. மேஸ்திரி அதை நாலாக மடித்துத் தலைப்பாகையில் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறாராம். மேலே வரும்போது ஜமேதார் தினமும் அதைப் பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, உதறிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாராம்.